ஏஐ வந்துவிட்டது, நீங்களே ராஜினாமா செய்யுங்கள் என்றால் செய்ய வேண்டுமா?

கேள்வி: ஓ.எம்.ஆரில் ஒரு ஐ.டி. நிறுவனத்தில் 11 ஆண்டுகளாக டெஸ்டிங் (மென்பொருளைச் சோதிக்கும்) பிரிவில் இருக்கிறேன். பதவிப் பெயர் 'லீட்'. ஆறு மாதத்துக்கு முன்பு ஒரு ஏஐ கருவியைக் கொண்டுவந்து, எங்கள் டெஸ்ட் கேஸ்களையெல்லாம் அதற்குப் பழக்கிக் கொடுக்கச் சொன்னார்கள். இப்போது பாதி வேலையை அதுவே செய்கிறது. போன வாரம் ஹெச்.ஆர். கூப்பிட்டு, லேப்டாப்பில் ஓடும் கண்காணிப்பு மென்பொருள் போட்ட மதிப்பெண்ணில் நான் கடைசி வரிசை என்றும், ராஜினாமா கொடுத்தால் மூன்று மாதச் சம்பளம் கிடைக்கும் என்றும் சொல்கிறார். ஏஐ-யால் வேலை போவதைப் பற்றிச் சட்டம் ஏதாவது சொல்கிறதா?

பதில்:

முதலில் ஒன்று. இதைப் படித்து முடிக்கும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். போர்ட்டலில் 'ரிசைன்' பொத்தானையும் அழுத்தாதீர்கள். "இன்றைக்குள் முடிவு சொல்லுங்கள்" என்று அவசரப்படுத்துவார்கள். அந்த அவசரம் ஏன் என்பது போகப் போகப் புரியும்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தொழிலாளர் வழக்குகள் நடத்துகிறேன். முன்பெல்லாம் வருபவர்கள் நூற்பாலை, டயர் கம்பெனி, போக்குவரத்துக் கழகம் என்று இருப்பார்கள். இப்போது பாதிப் பேர் கழுத்தில் ஐடி கார்டோடு வருகிறார்கள். எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி உங்களுடையதுதான்: ஏஐ பற்றிச் சட்டம் இருக்கிறதா? ஏஐ என்ற பெயரில் வேலைப் பாதுகாப்புச் சட்டம் எதுவும் இந்தியாவில் இல்லை. ஆனால் இயந்திரம் வந்து ஆள் வெளியே போவதைப் பற்றிய சட்டம் உண்டு. அது இன்று நேற்று வந்ததும் அல்ல.

1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தில் நான்காவது அட்டவணை என்று ஒன்று இருந்தது. நிர்வாகம் வேலை நிபந்தனைகளில் எவற்றையெல்லாம் முன்னறிவிப்பு இல்லாமல் மாற்றக்கூடாது என்ற பட்டியல் அது. சம்பளம், வேலை நேரம், ஷிப்ட் என்று போகும் அந்தப் பட்டியலில் பத்தாவது இனம் உங்களுக்கானது: ஆட்குறைப்பில் கொண்டுபோய் விடக்கூடிய வகையில் இயந்திரத்தையோ வேலை முறையையோ சீரமைப்பது, மேம்படுத்துவது. இதற்கு 21 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் அந்தப் பழைய சட்டத்தின் இடத்துக்குத் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம், 2020 வந்துவிட்டது. அங்கே அது மூன்றாவது அட்டவணை. பத்தாவது இனம் அப்படியே இருக்கிறது, 21 நாளும் அப்படியே இருக்கிறது.

இதை எப்படிப் படிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1999-லேயே சொல்லியிருக்கிறது. நாக்பூரில் லோக்மத் பத்திரிகை நிறுவனம் கையால் அச்சுக் கோக்கும் பிரிவுக்குப் பதிலாகப் போட்டோ கம்போசிங் இயந்திரத்தைக் கொண்டுவந்தது. அச்சுக் கோப்பவர்களுக்கு வேலை போனது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. முன்னறிவிப்பு எப்போது கொடுக்க வேண்டும்? இயந்திரத்தைப் பூட்டி ஓட்டிப் பார்த்து, ஆள் மிச்சம் என்று தெரிந்த பிறகா? இல்லை, கொண்டுவருவதற்கு முன்பே கொடுக்க வேண்டும் என்றது நீதிமன்றம். அதைச் செய்யாததால் அந்த ஆட்குறைப்பு சட்டப்படி நிற்கவில்லை. என் பெரியப்பா மதுரையில் ஒரு அச்சகத்தில் ஈய எழுத்து கோத்தவர். கம்ப்யூட்டர் வந்தபோது ஒரு மாதச் சம்பளத்தைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அவருக்கு இந்தப் பத்தாவது இனம் பற்றித் தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். ஆறு மாதத்துக்கு முன்பு கருவி வந்தபோது, "இதனால் ஆட்குறைப்பு வரலாம்" என்று உங்களுக்கு எழுத்தில் ஏதாவது வந்ததா? வந்திருக்காது. "உங்கள் வேலையை எளிதாக்கும்" என்றுதான் மெயில் வந்திருக்கும், கூடவே வெபினார் அழைப்பும். இந்த இடத்தில்தான் உங்கள் பிடி இருக்கிறது.

இங்கே இரண்டு விஷயத்தில் ஏமாந்துவிடக் கூடாது. ஒன்று, இந்த முன்னறிவிப்பு அனுமதி கேட்பது ஆகாது. நிர்வாகம் உங்களைச் சம்மதிக்க வைக்க வேண்டியதில்லை. ஏஐ கருவியே வேண்டாம் என்று எந்தத் தொழிலாளர் நீதிமன்றமும் உத்தரவு போடாது. தொழிலைச் சிக்கனத்துக்காகத் திருத்தி அமைப்பது முதலாளியின் உரிமை, அது நேர்மையான நோக்கத்தோடு நடந்ததா என்று மட்டும்தான் பார்ப்போம் என்று 1968-ல் பாரி கம்பெனி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. (நம்ம பாரிமுனை பாரிதான், ஆனால் தகராறு கல்கத்தா கிளையில்.) இரண்டாவது, "நூறு பேருக்கு மேல் வேலை செய்தால் அரசு அனுமதி இல்லாமல் ஆட்குறைப்பு செய்ய முடியாது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது உங்களுக்குப் பொருந்தாது. அந்த விதி பழைய சட்டத்திலேயே தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் மூன்றுக்கு மட்டும்தான் இருந்தது. புதிய தொகுப்பில் அந்த நூறும் முந்நூறு ஆகிவிட்டது. ஓ.எம்.ஆர். கண்ணாடிக் கட்டடத்தில் ஐயாயிரம் பேர் இருந்தாலும் அது தொழிற்சாலை இல்லை.

அப்படியானால் 21 நாளால் என்ன பயன்? நேரம் கிடைக்கிறது. அந்த நேரத்தில் தகராறு எழுப்பலாம். தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன் விஷயம் நிலுவையில் இருக்கும்போது, தகராறுக்குரிய வேலை நிபந்தனைகளைத் தொழிலாளிக்குப் பாதகமாக மாற்ற நிர்வாகத்துக்குச் சட்டம் தடை போடுகிறது. பேச்சுவார்த்தையில் உட்கார இது போதும். 1983-ல் வங்கி ஊழியர் சங்கங்கள் கம்ப்யூட்டர் விஷயத்தில் இந்திய வங்கிகள் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டது இப்படி உட்கார்ந்து பேசித்தான். எந்த இயந்திரம், எங்கே, எவ்வளவு என்பதெல்லாம் பேரம் பேசி முடிவானது. அமெரிக்காவில் திரைக்கதை எழுத்தாளர்கள் 2023-ல் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து, ஏஐ பயன்படுத்தும்படி எழுத்தாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுத வைத்தார்கள். அவர்களுக்கும் தனியாக ஏஐ சட்டம் எதுவும் கைகொடுக்கவில்லை. சங்கமும் ஒப்பந்தமும்தான் கைகொடுத்தன.

இப்போது ஆட்குறைப்பு என்ற சொல்லுக்கு வருகிறேன். இந்த வழக்குகளில் எல்லாம் சுற்றிச் சுற்றி வருவது இதுதான். எந்த நிறுவனமும் "ஏஐ-யால் உங்களை எடுக்கிறோம்" என்று எழுத்தில் தராது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம், அதாவது 12,000 பேருக்கு மேல் குறைக்கப்போவதாக அறிவித்தபோது, இது ஏஐ-யால் அல்ல, திறன் பொருந்தாமையால் என்றுதான் அதன் தலைமைச் செயல் அதிகாரி கிருத்திவாசன் சொன்னார். நியூயார்க் மாநிலத்தில் பெரிய ஆட்குறைப்பு செய்யும் நிறுவனங்கள் அரசுக்குக் கொடுக்க வேண்டிய படிவத்தில், 'தானியங்கித் தொழில்நுட்பம் காரணமா' என்று ஒரு கட்டத்தை 2025 மார்ச்சில் சேர்த்தார்கள். கட்டத்தில் டிக் போட வேண்டியது நிறுவனம்தான். தானாக முன்வந்து டிக் போடும் நிர்வாகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

நம் சட்டம் இந்த விஷயத்தில் கெட்டிக்காரத்தனமாக எழுதப்பட்டிருக்கிறது. ஒழுங்கு நடவடிக்கைத் தண்டனையாக அல்லாமல், 'எந்தக் காரணத்துக்காக இருந்தாலும்' முதலாளி ஒரு தொழிலாளியின் வேலையை முடித்தால் அது ஆட்குறைப்பு. ஏஐ, திறன் பொருந்தாமை, பெஞ்ச் (ப்ராஜெக்ட் இல்லாமல் காத்திருப்பது), ப்ராஜெக்ட் முடிந்தது என்று எந்தப் பெயர் வைத்தாலும் சட்டத்தின் கண்ணில் எல்லாம் ஒன்றுதான். அதனால் ஏஐ-தான் காரணம் என்று நிரூபிக்க வேண்டிய சுமை உங்களுக்கு இல்லை. பத்தாவது இனத்தைப் பிடிக்கும்போது மட்டும் அது வேண்டும். ஆனால் விதிவிலக்குகளும் உண்டு. ஓய்வு வயது, ஒப்பந்தக் காலம் முடிவது. அப்புறம், தானாக விலகுவது. கடைசியாகச் சொன்னதுதான் ஹெச்.ஆர். உங்கள் முன் நீட்டும் காகிதம். அதில் கையெழுத்துப் போட்ட நிமிடம், மேலே சொன்ன அத்தனையும் உங்களுக்கு இல்லாமல் போகிறது. பிறகு "மிரட்டி வாங்கினார்கள்" என்று நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில் விழும். ஹெச்.ஆர். அறைக்குள் போகும்போது போனை வெளியே வைக்கச் சொல்லும் வழக்கம் வேறு இருக்கிறது.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். சட்டப்படி 'ஊதியம்' என்று எண்ணப்படும் தொகை உங்களுக்கு மாதம் 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முறைப்படி ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத முன்னறிவிப்பு, இல்லையென்றால் அதற்குப் பதில் 60,000. முடிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம் என்ற கணக்கில் 11 ஆண்டுக்கு 3,30,000. புதிய தொகுப்பில் மறுதிறன் நிதி என்று ஒன்று வந்திருக்கிறது. ஆட்குறைப்பு செய்யப்படும் ஒவ்வொருவருக்கும் முதலாளி 15 நாள் ஊதியத்தை அதில் கட்ட வேண்டும், 45 நாளுக்குள் அது உங்கள் கணக்குக்கு வர வேண்டும். அது 30,000. ஆக 4,20,000. பணிக்கொடை சுமார் 3,80,000 தனி. அது ராஜினாமா செய்தாலும் உண்டு. அதைத் தங்கள் 'பேக்கேஜ்' கணக்கில் சேர்த்துக் காட்டினால் ஏமாறாதீர்கள். 'மூன்று மாதச் சம்பளம்' எதன் மீது, அடிப்படைச் சம்பளமா மொத்தமா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். மொத்தச் சம்பளத்தில் மூன்று மாதம் என்றால் இதற்கு நெருக்கமாகக்கூட வரலாம். அப்போது வாங்கிக்கொண்டு கிளம்புவது தப்பில்லை. கணக்குத் தெரிந்து கிளம்ப வேண்டும், அவ்வளவுதான்.

சரி, இதெல்லாம் 'தொழிலாளி'க்குத்தானே, நான் லீட் ஆயிற்றே என்பீர்கள். நிர்வாகத்தின் வக்கீலும் முதலில் இதைத்தான் சொல்வார். சட்டம் பதவிப் பெயரைப் பார்ப்பதில்லை, முக்கியமாக என்ன வேலை செய்தீர்கள் என்று பார்க்கிறது. தொழில்நுட்ப வேலை தொழிலாளிக்குரியது என்று சட்டத்திலேயே இருக்கிறது. நிர்வாகப் பணி செய்பவரும், மேற்பார்வைப் பணியில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவரும் வெளியே. ஆகவே கேட்க வேண்டியது: ஒருவரை வேலைக்கு எடுக்கவோ நீக்கவோ உங்களுக்கு அதிகாரம் இருந்ததா? விடுப்பு, அப்ரைசல் எல்லாம் நீங்கள் முடிவு செய்தீர்களா, இல்லை பரிந்துரைத்தீர்களா? நாளில் பெரும்பகுதி டெஸ்ட் கேஸ் எழுதிக்கொண்டிருந்தீர்களா, நான்கு பேருக்கு வேலை பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தீர்களா? 2015-ல் வெளியே அனுப்பப்பட்ட ஒரு ஐ.டி. ஊழியர் விஷயத்தில் சென்னைத் தொழிலாளர் நீதிமன்றம் 2022-ல் அவர் தொழிலாளிதான் என்று ஏற்று, இடைப்பட்ட ஆண்டுகளின் சம்பளத்தோடு திரும்ப வேலை கொடுக்கச் சொன்னது. அவரும் நிர்வாகப் பதவியில் இருந்தவர் என்றுதான் நிறுவனம் வாதாடியது. ஆனால் அந்த ஆண்டுகளையும் கவனியுங்கள். ஏழு ஆண்டு. வீட்டுக் கடன் தவணை அத்தனை நாள் காத்திருக்காது. இதனால்தான் என்னிடம் வரும் பத்தில் ஏழெட்டுப் பேருக்கு வழக்கைவிடச் சமரச மேசையையே நான் சொல்கிறேன்.

ஐ.டி.க்குத் தொழிலாளர் சட்டமே பொருந்தாது என்று யாராவது சொன்னால், 2016-லேயே தமிழ்நாடு அரசு அது பொருந்தும், சங்கமும் வைக்கலாம் என்று தெளிவுபடுத்திவிட்டது என்று சொல்லுங்கள்.

அடுத்து அந்த மதிப்பெண். ஒரு பிரிவில் ஆட்குறைப்பு செய்யும்போது வழக்கமாகக் கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதலில் போக வேண்டும். வேறு ஆளை எடுத்தால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். 11 ஆண்டு சர்வீஸ் உள்ள உங்களை எடுத்துவிட்டுப் போன வருடம் சேர்ந்தவரை வைத்துக்கொண்டால், அந்தக் காரணம் என்ன? "மென்பொருள் சொன்னது" என்பதா? எந்த அளவுகோலில் சொன்னது, கீபோர்டு தட்டிய எண்ணிக்கையையா, கண்டுபிடித்த பிழைகளையா? வாடிக்கையாளரோடு போனில் இருந்த இரண்டு மணி நேரத்தை அது சும்மா இருந்ததாகக் கணக்கிட்டதா? இதைத் தீர்ப்பாயத்தில் கேட்டால் ஹெச்.ஆருக்கும் தெரியாது, கருவியை விற்றவர் சொல்லவும் மாட்டார். இன்னொரு பக்கம், "மோசமான வேலை" என்று எழுதி நீக்கினால் அது உங்கள் பெயருக்குக் களங்கம். விசாரணை இல்லாமல் செய்ய முடியாது. அதனால்தான் மதிப்பெண்ணை வாயால் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். அதை எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள்.

இந்தப் பகுதியில் மட்டும் நாம் ஐரோப்பாவைவிடப் பின்தங்கியிருக்கிறோம். முழுக்க இயந்திரமே எடுக்கும் முடிவுக்கு உட்படாமல் இருக்கும் உரிமை அங்கே தரவுப் பாதுகாப்பு விதியின் 22-வது பிரிவில் இருக்கிறது. அதை வைத்துத்தான் 2023 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஊபர் ஓட்டுநர்களைக் கணினி தானாக முடக்கிய விஷயத்தில் விளக்கம் கொடுக்கச் சொன்னது. வேலையிடத்தில் முகத்தைப் பார்த்து உணர்ச்சியைக் கணிக்கும் ஏஐ-க்கு, மருத்துவம், பாதுகாப்பு தவிர, 2025 பிப்ரவரி 2 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை. நம் ஊரில் 2023-ன் தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம் 'வேலை தொடர்பான நோக்கங்களுக்கு' ஊழியரின் சம்மதம் இல்லாமலே தரவைக் கையாள வழி விட்டிருக்கிறது. தானியங்கி முடிவை எதிர்க்கும் உரிமை அதில் இல்லை. எனக்கு இது பெரிய ஓட்டையாகத் தெரிகிறது. வேடிக்கை என்னவென்றால், உணவு டெலிவரி செய்யும் தம்பிக்குக் கர்நாடகத்தில் இப்போது உங்களைவிடக் கூடுதல் பாதுகாப்பு இருக்கிறது. அங்கே 2025-ல் வந்த கிக் தொழிலாளர் சட்டப்படி, தானியங்கி முறை எப்படிக் கண்காணிக்கிறது, எப்படி முடிவெடுக்கிறது என்பதைச் செயலி நிறுவனம் சொல்ல வேண்டும், நீக்குவதற்கு 14 நாள் முன்னறிவிப்பும் கொடுக்க வேண்டும்.

வெளியே போய் வேறு வேலை தேடும்போதும் இதே ஏஐ-யைத்தான் பார்ப்பீர்கள். உங்கள் ரெஸ்யூமை முதலில் படிப்பது அதுதான். அமெரிக்காவில் ஐடியூட்டர் குழுமத்தின் மென்பொருள் 55 வயதுக்கு மேற்பட்ட பெண்களையும் 60-க்கு மேற்பட்ட ஆண்களையும் தானாக ஒதுக்கியது தெரியவந்து, 2023-ல் 3,65,000 டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. இங்கே தனியார் நிறுவனம் வயதைப் பார்த்து ஒதுக்கினால் கேட்கச் சட்டம் கிடையாது. ஆண் பெண் பாகுபாட்டை மட்டும் ஊதியத் தொகுப்புச் சட்டம் ஆளெடுப்பில் தடுக்கிறது. உங்கள் வயதில் இதையும் யோசித்துத்தான் ராஜினாமா பற்றி முடிவெடுக்க வேண்டும்.

இனி செய்ய வேண்டியது. ஹெச்.ஆருக்கு இன்றே நான்கு வரி மெயில் அனுப்புங்கள்: "இந்தத் தேதியில் நடந்த சந்திப்பில் என்னை ராஜினாமா செய்யச் சொன்னீர்கள். எனக்கு விலகும் எண்ணம் இல்லை. தொடர்ந்து வேலை செய்யத் தயாராக இருக்கிறேன். என் மதிப்பெண்ணும் அதன் அடிப்படையும் எழுத்தில் வேண்டும்." கோபமாக எதுவும் வேண்டாம். தினமும் லாகின் செய்யுங்கள். அலுவலகம் வரச் சொன்னால் போங்கள். வராமல் இருந்ததே நீக்கக் காரணமாகிவிடும். கருவிக்குப் பழக்கிக் கொடுக்கும் வேலையை இப்போது மறுக்காதீர்கள். அது கீழ்ப்படியாமை ஆகும். அதோடு அந்த வேலைதான் உங்கள் சாட்சியமும்.

அக்கம்பக்கத்து டீமில் இதே அழைப்பு யாருக்கு வந்தது என்று விசாரியுங்கள். நான்கு பேர் சேர்ந்து போனால் சமரச அலுவலரின் காது வேறு மாதிரி கேட்கும். தொழிலாளர் துறையில் மனு கொடுக்கக் கட்டணம் இல்லை. தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் கேட்டால் உங்கள் பகுதிக்கு எந்த அலுவலர் என்று சொல்வார்கள். சமரசம் 45 நாளில் முடிய வேண்டும், முடியாவிட்டால் தீர்ப்பாயம். தகராறு எழுப்ப முன்பு மூன்று ஆண்டு இருந்தது, புதிய தொகுப்பில் இரண்டாகக் குறைத்துவிட்டார்கள், தள்ளிப் போடாதீர்கள். கடைசியில் பிரிவதுதான் என்று முடிவானாலும், பாக்கி ஊதியம் இரண்டு வேலை நாளில் கைக்கு வர வேண்டும் என்பது ஊதியத் தொகுப்பு. "செட்டில்மெண்டுக்கு 45 நாள் ஆகும்" என்ற பழைய பாட்டு இனிச் செல்லாது.

ஒரு எச்சரிக்கை. ஆதாரம் சேர்க்கிறேன் என்று அலுவலக மெயில்களைச் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பிவிடாதீர்கள். போன ஆண்டு என்னிடம் வந்த ஒருவர் அப்படித்தான் செய்தார். அதுவரை பலமாக இருந்த அவர் பக்கம் ஒரே நாளில் 'தரவுத் திருட்டு' வழக்காக மாறியது. அதற்குப் பதில் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். கருவியை அறிமுகப்படுத்திய கூட்டம் எந்தத் தேதி, அழைத்தவர் யார், மெயிலின் தலைப்பு என்ன, எத்தனை டெஸ்ட் கேஸ் கொடுத்தீர்கள், அதற்கு முன் டீமில் எத்தனை பேர், இன்று எத்தனை பேர் என்று உங்கள் கையால் எழுதிவையுங்கள். தேதியும் தலைப்பும் இருந்தால், அந்த மெயில்களைக் கொண்டுவந்து காட்டும்படி நிறுவனத்துக்கு உத்தரவு போடத் தீர்ப்பாயத்தால் முடியும்.